ஓடுபாதையிலிருந்து 5 கி.மீ.: மீட்டர் பச்சை காட்டுகிறது, மண்ணெண்ணெய் வாடை மட்டும் போகவில்லை

மேல்காற்று (கேள்வி)

வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கும் ஒரு வீட்டைப் பற்றியது. குறைந்தது இரண்டு வருடம் இருக்க வேண்டிவரும். முன்பணம் கொடுப்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று போடுகிறேன்.

விமான நிலையத்தின் 27-ஆம் எண் ஓடுபாதை முனையிலிருந்து கிழக்கே 5 கி.மீ. இறங்குகிற விமானங்கள் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே போகின்றன. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மேற்குக் காற்று. தெற்குப் பக்கம் 90 மீட்டரில் ஆறுவழிச் சாலை, லாரியும் பஸ்ஸும் அதிகம். வீடு மூன்றாவது மாடியில்.

கையடக்க பிஎம் 2.5 மீட்டரை மூன்று நாள் பால்கனியில் வைத்ததில் 9 முதல் 12 மைக்ரோகிராம். செயலியில் எல்லாமே பச்சை. ஆனால் காலை 6-லிருந்து 8 மணி வரை மண்ணெண்ணெய் வாடை வருகிறது. பால்கனிக் கைப்பிடியைத் துடைத்தால் துணி கறுப்பாகிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ள 7 வயதுக் குழந்தையும், நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவரும் இருப்பார்கள்.

கேட்க வேண்டியது மூன்று. மீட்டரை நம்பலாமா, மூக்கை நம்பலாமா? விமானப் புகை, வண்டிப் புகை இரண்டில் எது உடம்புக்கு மோசம்? வீட்டுக்குள் என்ன செய்தால் உண்மையிலேயே குறையும்?

எண்ணிக்கைக்காரன்

மீட்டர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்க நினைத்த கேள்வியை அது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிஎம் 2.5 என்பது எடைக் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைவான துகள்கள் மொத்தம் எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லும். ஜெட் எஞ்சினிலிருந்து வருவதில் பெரும்பான்மை 10 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ளவை. 100 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதை மீநுண் துகள் என்கிறோம். இவை எண்ணிக்கையில் கொட்டிக் கிடக்கும், எடையில் ஒன்றுமே தேறாது. 2.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துகளின் எடைக்கு 20 நானோமீட்டர் துகள்கள் கிட்டத்தட்ட 20 லட்சம் வேண்டும் (125-ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள்).

இன்னொரு கணக்கும் போடலாம். ஒரு கன சென்டிமீட்டரில் 20,000 துகள் என்பதை ஒரு மணி நேரச் சராசரியில் 'அதிகம்' என்று உலக சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டுதலில் சொல்கிறது. அந்த 20,000-மும் 20 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்த எடை ஒரு கன மீட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அளவுக்குத்தான் வரும். உங்கள் மீட்டர் 9.0-லிருந்து 9.1-க்குப் போகும். யார் கவனிப்பார்கள்?

அந்த 0.1-கூட உங்கள் கருவியில் ஏறாது. கையடக்க மீட்டர்கள் லேசர் ஒளி சிதறுவதைப் பார்த்துக் கணக்கிடுபவை. சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே இருக்கும் துகள் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. மீநுண் துகளை எண்ண வேறு கருவி உண்டு. துகளின் மேல் ஆல்கஹால் ஆவியையோ நீராவியையோ படியவைத்து, அது சிறு துளியாகப் பருத்த பிறகு எண்ணுவது. விலை அதிகம், வீட்டுக்கு வாங்குகிற சாமான் அல்ல. பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் துறை எதிலாவது ஒரு நாளைக்குக் கொண்டுவந்து அளக்கச் சம்மதித்தால் அதிர்ஷ்டம்.

பச்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செயலியின் நிறம் அந்தந்த நாட்டுக் குறியீட்டைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு பிஎம் 2.5-க்கு ஆண்டுச் சராசரி 5, ஒரு நாள் சராசரி 15. ஆகவே உங்கள் 9–12 வருடம் முழுக்க அப்படியே நின்றால் அந்த அளவைப்போல் இரண்டு மடங்கு. மூன்று நாள் அளவை வைத்து ஆண்டுச் சராசரி பேசவும் முடியாது. மூடுபனி நேரத்தில் மலிவு சென்சார்கள் நீர்த்துளியையும் தூசு என்று எண்ணிக் கூட்டிக் காட்டும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

குறைந்த செலவில் செய்யக்கூடிய ஒரே நல்ல அளவீடு நைட்ரஜன் டை ஆக்சைடு பரவல் குழாய். விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய், உள்ளே மூடிப் பக்கம் வேதிப்பொருள் தடவிய வலை. கீழ் மூடியைக் கழற்றி, வாய் கீழே பார்க்கும்படி இரண்டிலிருந்து நான்கு வாரம் தொங்கவிட்டு, மூடி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சாலைப் பக்கம் ஒன்று, எதிர்ப் பக்கம் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. சமையலறைப் புகைபோக்கி, ஏசி வெளியூதி, கேஸ் கெய்சர் இவற்றிலிருந்து தள்ளியே வையுங்கள். மாட்டிய நேரமும் கழற்றிய நேரமும் குறித்துவைக்காவிட்டால் முடிவு வீண், பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். வருகிற எண்ணை ஆண்டு வழிகாட்டு அளவான 10 மைக்ரோகிராமோடு ஒப்பிடுங்கள்.

ஓடுதளத்தடி

வாடை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் தலைக்கு மேல் போகிற விமானத்திலிருந்து இல்லை. தரையில் ஊர்ந்துகொண்டிருக்கிற விமானத்திலிருந்து.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு எஞ்சின் சான்றிதழுக்கு ஒரு மாதிரிச் சுற்று வைத்திருக்கிறது. தரையில் ஊர்வது 26 நிமிடம் 7 சதவீத உந்துவிசையில். புறப்பாடு 0.7 நிமிடம் 100 சதவீதம். ஏற்றம் 2.2 நிமிடம் 85 சதவீதம். இறங்குவது 4 நிமிடம் 30 சதவீதம். இதெல்லாம் 3,000 அடிக்குள் நடப்பது, அதற்கு மேலே நடப்பது இந்தக் கணக்கில் வராது. எஞ்சின் முழு விசையில் இருக்கும்போது எரிப்பு அறை சூடு அதிகம், எரிபொருள் முழுசாக எரியும். கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் குறைவு, ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். 7 சதவீதத்தில் நேர் எதிர். அரைகுறையாக எரிந்த எரிபொருளும் ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகளும் வெளியே வரும். உங்கள் மூக்கில் ஏறுவது அதுதான். காலை 6–8 புறப்பாடு நெரிசல் நேரம், வரிசையில் பத்து விமானம் நின்று நகரும். அதோடு இரவில் தரை குளிர்ந்து மேலே சூடான காற்று மூடிபோல உட்கார்ந்திருக்கும். காற்று மேலெழாது, பக்கவாட்டில்தான் போகும். வெயில் ஏறி அந்த மூடி உடைந்ததும் வாடை காணாமல் போவதைக் கவனித்திருப்பீர்கள்.

வாயிலில் நிற்கும் விமானமும் சும்மா இல்லை. விளக்கு, குளிர்காற்று எல்லாவற்றுக்கும் வால் பகுதியில் ஏபியு என்ற குட்டி டர்பைன் ஓடும். ஒற்றை இடைவழி விமானத்தில் அது மணிக்குச் சுமார் 100 கிலோ எரிபொருள் குடிக்கும். வாயிலில் மின் இணைப்பும் குளிர்காற்றுக் குழாயும் கொடுத்துவிட்டால் இதை அணைத்துவிடலாம். ஒரே எஞ்சினில் ஊர்வது, பெட்டி இழுக்கும் டிராக்டர்களை மின்சாரத்துக்கு மாற்றுவது என்று இன்னும் சில வழிகள் உண்டு. தளத்தில் வேலை செய்பவர்களுக்குத்தான் இதனால் முதல் பலன்.

இப்போது காற்றுத் திசை. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். மேற்குக் காற்று என்றால் கிழக்கிலிருந்து வந்து மேற்கே பார்த்து இறங்கும், அதனால்தான் அது 270 பாகையைக் குறிக்கும் 27. அதாவது இறங்கு பாதைக்குக் கீழே இருக்கும் வீடு, அந்தப் பாதை பயன்பாட்டில் இருக்கும் பெரும்பாலான நேரம், விமான நிலையப் புகை வந்து சேரும் பக்கத்தில்தான் இருக்கும். மனை விற்பவர்கள் யாரும் சொல்லாத விஷயம் இது. லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தைச் சுற்றி அளந்து 2014-இல் வெளியான ஆய்வில், காற்று போகும் திசையில் 16 கி.மீ. தள்ளியும் துகள் எண்ணிக்கை சாதாரணத்தைப்போல் இரு மடங்காக இருந்தது. ஐந்து கி.மீ. அந்த வட்டத்துக்குள் நன்றாகவே வருகிறது.

தலைக்கு மேலே போவதும் சுத்தமாகக் கணக்கில் இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று பாகைச் சரிவில் 5 கி.மீ. தொலைவில் விமானம் ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்தில் இருக்கும். இறக்கை முனையில் சுழலும் காற்று புகையையும் சேர்த்துக் கீழே அழுத்தும். அது தரைக்கு வந்தால் இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் விமானம் இறங்கியே போயிருக்கும்.

கைப்பிடிக் கறுப்பை மட்டும் விமானத்தின் தலையில் கட்டாதீர்கள். 20 நானோமீட்டர் துகள் அப்படித் திட்டாகப் படியாது. துடைத்த துணியை விரலால் தேயுங்கள். நெறநெறவென்றால் சாலைத் தூசு, கட்டுமானத் தூசு. ரப்பர்போல உருண்டு திரண்டால் டயர்த் தேய்மானம். எண்ணெய்ப் பிசுக்கோடு மைபோல ஒட்டினால் டீசல் புகைக்கரி. நிழலும் ஈரமும் உள்ள மூலையில் மட்டும் வந்தால் பூஞ்சையாகவும் இருக்கலாம். வானத்தில் தெரியும் வெள்ளைக் கோடு பனிப் படிகம், அதற்கும் உங்கள் பால்கனிக்கும் சம்பந்தமில்லை.

நாடிப்பார்வை

உடல்நலப் பகுதிக்கு வருகிறேன். எது உறுதி, எது இன்னும் ஆராய்ச்சியில் என்பதைப் பிரித்துச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் ஒரு பக்கம் பீதி, மறுபக்கம் அலட்சியம்.

உறுதியானது: பிஎம் 2.5 மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், நாள்பட்ட மூச்சடைப்பு நோய் எல்லாவற்றையும் கூட்டுகிறது. டீசல் புகையை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டே வெளிக்காற்று மாசு முழுவதையும் அதே பிரிவில் வைத்தது. சாலையோரப் புகை ஆஸ்துமாவைக் கிளறுவதும் உறுதிதான். லண்டனில் ஆஸ்துமா உள்ள 60 பேரை, அப்போது டீசல் பஸ்ஸும் டாக்ஸியும் மட்டும் ஓடிய ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஒரு நாளும் ஹைட் பூங்காவில் ஒரு நாளும் இரண்டு இரண்டு மணி நேரம் நடக்கவைத்தார்கள். தெருவில் நடந்த நாளில், ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்று 6 சதவீதம் வரை குறைந்தது. 2007-இல் வெளிவந்த முடிவு இது.

மீநுண் துகள் பற்றி: இவ்வளவு சிறியது மூக்கு, தொண்டை வடிகட்டலைத் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைக்குப் போய்ப் பாதிக்குப் பாதி அங்கேயே தங்கும். காற்றுப்பைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. எடின்பரோவில் தன்னார்வலர்களைத் தங்க நானோதுகளைச் சுவாசிக்கவைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளுக்குள் ரத்தத்திலும் சிறுநீரிலும் தங்கம் தெரிந்தது, மூன்று மாதம் கழித்தும் இருந்தது. உள்ளே போவதில் சந்தேகமில்லை. போன பிறகு ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சி, உறைவுத் தன்மை கூடுதல், ரத்த அழுத்த ஏற்றம் என்று வழி போகிறது. ஆனால் நீண்டகாலப் பாதிப்பில் மீநுண் துகளின் பங்கை மட்டும் தனியே பிரிப்பது சிரமம். ஏனென்றால் அது இருக்கும் இடத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடும் சத்தமும் சேர்ந்தே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் இதற்கு வரம்பு என்று எதையும் வைக்காமல், ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு நாள் சராசரி 1,000-க்குக் கீழே குறைவு, 10,000-க்கு மேலே அதிகம் என்று அடையாளம் காட்டியதோடு நிறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

விமான நிலையத்தைக் குறித்தே நடந்தவற்றில் உங்களுக்குப் பொருந்துவது இரண்டு. நெதர்லாந்தின் ஸ்கிபோல் அருகே பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில், மீநுண் துகள் கூடிய நாட்களில் மூச்சுத் தொந்தரவும் மருந்து எடுப்பதும் கூடின. ஏற்கெனவே மருந்து எடுக்கும் பிள்ளைகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 2008 முதல் 2016 வரை ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பிரசவங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டதில், ஜெட் துகள் மிக அதிகமான கால்பங்குப் பகுதியில் இருந்தவர்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு, மிகக் குறைவான கால்பங்கில் இருந்தவர்களைவிட 14 சதவீதம் அதிகம். சாலைப் புகையையும் விமானச் சத்தத்தையும் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. இதைச் சரியாகப் படிக்க வேண்டும். நூறு பிரசவத்தில் 10 குறைப்பிரசவம் என்ற இடத்தில் 11-க்குச் சற்று மேல் ஆகும் என்பதுதான் பொருள், ஒவ்வொருவருக்கும் நடக்கும் என்பதல்ல. ஊர் மொத்தத்துக்கு அது பெரிய எண்ணிக்கை. ஒருவருக்கு, தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டிய சிறிய கூடுதல்.

குழந்தைக்குச் செய்ய வேண்டியது: பீக் ஃப்ளோ மீட்டர் (எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் கைக்கருவி) ஒன்று வாங்குங்கள். காலையும் மாலையும், இன்ஹேலருக்கு முன், நின்றபடி மூன்று முறை ஊதவைத்து மூன்றில் அதிகமானதைக் குறியுங்கள். மூன்றையும் சராசரி எடுக்காதீர்கள். குழந்தை நன்றாக இருக்கும் இரண்டு வாரத்தில் கிடைக்கும் அதிகபட்சம்தான் அதன் சொந்த அளவு. அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வழக்கம்போல். 50 முதல் 80 என்றால் மருத்துவர் எழுதிக்கொடுத்த நடவடிக்கைத் தாளில் மஞ்சள் பகுதிக்கு உள்ளதைச் செய்ய வேண்டும். 50-க்குக் கீழே என்றால் நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு உடனே மருத்துவமனை. பக்கத்திலேயே அன்றைய காற்றுத் திசையையும் எழுதிவையுங்கள், ஒரு மாதத்தில் உங்கள் வீட்டுக்கான பதில் கிடைத்துவிடும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இதற்கு உதவாது, ஆஸ்துமாவில் அது கடைசியில்தான் இறங்கும். தடுப்பு இன்ஹேலரை 'இன்று நன்றாகத்தானே இருக்கிறது' என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

சத்தத்தையும் விடாதீர்கள். விமானச் சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் சொன்ன வரம்பு நாள் முழுமைக்கும் 45 டெசிபல், இரவுக்கு 40. தலைக்கு மேல் 270 மீட்டர் என்றால் அதைத் தாண்டத்தான் செய்யும். தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும், கர்ப்ப காலத்தில் அது கூடுதல் கவலை.

மேல்காற்று

மூவருக்கும் நன்றி. அப்படியானால் குற்றவாளி விமானம்தான் என்று முடிவு செய்யலாமா? 90 மீட்டர் சாலையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லையே. இன்னொன்று, விமான எரிபொருளில் ஈயம் இருக்கிறது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

பிரேக்தூசு

சாலையை விட்டுவிட்டு விமானத்தைத் திட்டுவது எல்லோருக்கும் பிடித்த வேலை, சத்தம் போடுகிறவன்தானே கண்ணில் படுவான். உங்கள் நிலவரத்தில் நான் முதலில் பயப்படுவது அந்த 90 மீட்டரைத்தான்.

நெடுஞ்சாலையோரத் துகள் எண்ணிக்கை பகலில் 300 மீட்டருக்குள் சுற்றுப்புற அளவுக்கு இறங்கிவிடும். சரிவு சீரானதல்ல, முதல் 100–150 மீட்டரில்தான் செங்குத்து. ஆகவே 90-க்கும் 200-க்கும் இடையே பெரிய வித்தியாசம், 400-க்கும் 500-க்கும் இடையே ஒன்றுமில்லை. அதிகாலையில் காற்று அசையாதபோது இந்த 300 மீட்டர் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நீளும். அதனால் விடியற்காலைக் காற்று சுத்தம் என்ற நம்பிக்கையில் சாலையோரம் ஓடப் போகாதீர்கள். ஓடும்போது இழுக்கும் காற்று சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் பல மடங்கு. தெற்கு கலிஃபோர்னியாவில் பிள்ளைகளை எட்டு வருடம் தொடர்ந்து பார்த்ததில், நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வளர்ந்தவர்களின் நுரையீரல் வளர்ச்சி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி வளர்ந்தவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது.

சாலையில் வருவது புகை மட்டுமில்லை. பிரேக் தேய்மானத்தில் இரும்பு, செம்பு, ஆன்டிமனி. டயரிலிருந்து ரப்பரும் துத்தநாகமும். எல்லா வண்டியும் மின்சாரமானாலும் இது தீராது. மீள்மின் பிரேக் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து அதை மின்சாரமாக்குவது) இருப்பதால் பிரேக் தூசு நன்றாகக் குறையும், பேட்டரி எடையால் டயர்த் தேய்மானம் கொஞ்சம் கூடும். ஐரோப்பாவின் யூரோ 7 விதியில் முதன்முறையாக பிரேக் தூசுக்கும் வரம்பு வந்திருக்கிறது: எஞ்சின் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்கார்களுக்கு 3. சிக்னலும் ஏற்றமும் உள்ள இடத்தில் இதெல்லாம் அதிகம், ஒரே வேகத்தில் ஓடும் நேர்ச்சாலையில் குறைவு. வீட்டருகே சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டீசல் வண்டியில் துகள் வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் எண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்கு வெளியே வந்தாலே அதிகம். ஆனால் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் சூடேறாமல், பிடித்த கரியை எரித்துத் தள்ள முடியாமல் அடைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்ததும் சிலர் அதை உள்ளே குடைந்து வெறும் கூடாக்கிவிடுகிறார்கள். அப்படி ஒரே ஒரு லாரி போனால் நூறு நல்ல வண்டிக்குச் சமம். சைலன்சர் வாய்க்குள் விரல் விட்டுத் தேய்த்துப் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு! வடிகட்டி வேலை செய்கிற வண்டியில் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும்.

அந்தச் சாலையில் தினமும் காரில் போவதாக இருந்தால், நெரிசலில் உள்காற்றுச் சுழற்சிப் பொத்தானைப் போடுங்கள், துகள் பாதிக்கு மேல் குறையும். ஆனால் அப்படியே விட்டால் இரண்டு பேர் விடும் மூச்சிலேயே அரை மணிக்குள் கார்பன் டை ஆக்சைடு 2,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) தாண்டி மந்தம் தட்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, லாரி பின்னால் இல்லாத இடத்தில், இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்று விடுங்கள்.

ஈயம்: காணொளி பாதி உண்மை. பயணிகள் ஜெட் குடிக்கும் எரிபொருள் மண்ணெண்ணெய் வகை, அதில் ஈயம் இல்லை. பிஸ்டன் எஞ்சின் வைத்த சின்ன விமானங்களுக்கான பெட்ரோலில்தான் உண்டு, லிட்டருக்கு 0.56 கிராம் வரை. கார் பெட்ரோலில் ஈயம் 2021-இல் உலகம் முழுக்க ஒழிந்துவிட்டது, இதில் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் பக்கத்தில் பயிற்சிப் பள்ளி, குட்டி விமானத் தளம் இருந்தால்தான் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2023-இல் அந்த ஈயம் உடல்நலத்துக்கு ஆபத்து என்று முறைப்படி அறிவித்தது.

ஜெட் எரிபொருளில் உள்ள சிக்கல் கந்தகம். விதிப்படி 3,000 பிபிஎம் வரை இருக்கலாம். நடைமுறையில் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழேதான், என்றாலும் சாலை டீசல் பல நாடுகளில் 10–15 பிபிஎம்முக்கு வந்துவிட்டது. கந்தகம் குளிரும் புகையில் கந்தக அமிலத் துளியாக மாறிப் புதுத் துகளுக்கு வித்தாகிறது.

சல்லடை

வீட்டுக்குள் என்ன செய்தால் குறையும் என்ற மூன்றாவது கேள்விக்கு நான். சிறு துகளை ஹெப்பா (காற்றுச் சுத்திகரிப்பியில் இருக்கும் நுண்ணிழை வடிகட்டி) பிடிக்காது என்று யாராவது சொல்லுவார்கள், நம்பாதீர்கள். ஹெப்பா மிகச் சிரமப்பட்டுப் பிடிப்பது 100 முதல் 300 நானோமீட்டர் வரைதான். அதைவிடச் சிறியது தறிகெட்டு அலைந்து இழையில் தானாகவே மோதி ஒட்டிக்கொள்ளும். 20 நானோமீட்டர் அதற்குச் சுலபம். பிடிக்காதது வாயு. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் வாடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். கறுப்புத் துணிபோல ஒரு மெல்லிய தாளை வைத்து 'கார்பன் வடிகட்டி' என்று விற்பது சில வாரத்தில் நிறைந்துவிடும். கிலோக் கணக்கில் குருணை இருந்தால்தான் பேச்சு.

அளவு போடும் முறை: 4 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் 42 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை அறைக் காற்று சுத்தமாக வேண்டும் என்றால் 42-ஐ ஐந்தால் பெருக்க, 210. கருவியின் சிஏடிஆர் (அது தரும் சுத்தக் காற்றின் அளவு) மணிக்கு 210 கன மீட்டர் வேண்டும், பெட்டியில் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருந்தால் 124. எல்லோரும் தடுக்கி விழுவது இதற்கப்புறம்தான். பெட்டியில் போட்டிருப்பது முழு வேகத்தில் கிடைக்கும் எண். முழு வேகத்தில் யாராலும் தூங்க முடியாது, இரவில் சின்ன வேகத்தில் வைப்பார்கள், மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். நடு வேகத்திலேயே 210 வருகிற மாதிரி பெரிதாக வாங்குங்கள். ஒன்று மட்டும் வாங்க முடிந்தால் குழந்தை தூங்கும் அறைக்கு. ஒரு நாளில் மிக அதிக நேரம் ஒரே அறையில் கழிவது அங்கேதான்.

நடைமுறையில் கெடுவது இப்படி: வடிகட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே மாதக்கணக்கில் ஓட்டுவது (சிரிக்காதீர்கள், சகஜம்). சுவரோடு ஒட்டி வைத்துக் காற்று நுழைவாயை அடைப்பது. வாடை வந்ததும் ஓட்டி, வாடை போனதும் அணைப்பது. 'தானியங்கி' நிலையில் விடுவதும் உங்கள் வீட்டுக்கு ஆகாது. அதன் சென்சாரும் உங்கள் மீட்டர் மாதிரியே லேசர்தான், ஜெட் துகள் வந்தாலும் பச்சை காட்டித் தூங்கும். கையால் வேகத்தை வைத்துவிட்டு நாள் முழுக்க ஓடவிடுங்கள். அயனி, ஓசோன் விடுகிறவை வேண்டவே வேண்டாம், ஆஸ்துமாவுக்கு ஓசோனே எதிரி.

ஜன்னல் ஓட்டை இன்னொரு பாதி. மெல்லிய டிஷ்யூத் தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, ஜன்னல் சட்டத்தின் ஓரமாக நகர்த்துங்கள். எங்கே உள்பக்கம் ஆடுகிறதோ அங்கே ஓட்டை, அந்த இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். அந்த விசிறி உள்காற்றை வெளியே தள்ளும்போது அதே அளவு வெளிக்காற்று ஏதோ ஒரு சந்து வழியாக உள்ளே வந்தே தீரும். அதனால் எக்ஸாஸ்ட் ஓடும்போது சாலைக்கு எதிர்ப் பக்கத்து, அதாவது வடக்கு ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து வையுங்கள். கேஸ் அடுப்பின் வெறும் நீலச் சுவாலையே மீநுண் துகள் உற்பத்தி செய்யும், ஆகவே எக்ஸாஸ்ட்டை நிறுத்துவது தீர்வு ஆகாது.

ஜன்னலை வருடம் முழுக்க மூடவும் முடியாது. மேற்குக் காற்று இல்லாத நாளில், வெயில் ஏறிய பிறகு, காலை பத்திலிருந்து மாலை நெரிசல் தொடங்கும் வரை வடக்குப் பக்கம் திறந்துவிடலாம். காற்றுத் திசையை ஊகிக்க வேண்டாம். விமானம் கிழக்கிலிருந்து வந்து தலைக்கு மேல் இறங்கினால் மூடுங்கள், மேற்கிலிருந்து இறங்கி உங்கள் பக்கமாக ஏறிப்போனால் காற்று மாறிவிட்டது, திறக்கலாம்.

வெளியே போக முகக்கவசம் என்றால் என்95, மீநுண் துகளையும் பிடிக்கும், முகத்தோடு ஒட்டியிருக்கும் வரை. மூக்குப் பாலத்தை அழுத்தி, பலமாக ஊதும்போது கண் பக்கம் காற்று அடித்தால் அது வெறும் அலங்காரம். வாயுவைப் பிடிக்காது, வாடை வந்தால் கவசம் பழுது என்று அர்த்தமில்லை.

எண்ணிக்கைக்காரன்

சல்லடை சொன்ன விமான அடையாளத்தில் ஒரு சிறு திருத்தம். லேசான பின்காற்று இருந்தாலும் போக்குவரத்து வசதிக்காக அதே ஓடுபாதையைத் தொடர்ந்து பயன்படுத்துவார்கள், அதனால் காற்று மந்தமான நாளில் அது ஏமாற்றும். பால்கனியில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

மேல்காற்று

தெளிவாகிவிட்டது. அதே குடியிருப்பில் வடக்குக் கோடிக் கட்டடத்தில், சாலையிலிருந்து சுமார் 260 மீட்டரில், இன்னொரு வீடு காலியாக இருக்கிறது. வாடகை கொஞ்சம் கூட.

பிரேக்தூசு

அதை எடுங்கள். விமானம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான், சாலை ஒன்றல்ல. பார்க்கப் போகும்போது படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்றும், கீழே வண்டி நிறுத்துமிடம் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே இல்லையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் எஞ்சினைப் போட்டு உறுமவிடுகிறவர் ஒருவர் இருந்தால் 260 மீட்டர் தள்ளிப் போனதற்கு அர்த்தமே இருக்காது.